1172-ன்னு இருந்தா 1758-ல அடிச்ச காசா? ஹிஜ்ரி தேதி போட்ட வெள்ளிக்காசை வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் முன்னாடி

வெள்ளி விலை ஏற ஆரம்பிச்சதுல இருந்து நம்ம சேனல் கமெண்ட்ல ஒரே மாதிரி கேள்வி வருது. "சார், தாத்தா பெட்டியில உருது எழுத்து போட்ட வெள்ளிக்காசு இருக்கு, எவ்வளவு போகும்?" இன்னொரு பக்கம், "ஹிஜ்ரி 1172, 260 வருஷம் பழசுன்னு சொல்லி ஒருத்தர் விக்கிறாரு, வாங்கலாமா?" ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருந்துதான் தொடங்குது. அந்தக் காசுல இருக்கிற தேதியை எப்படிப் படிக்கிறது, படிச்ச பிறகு அதை எவ்வளவு நம்புறது?

முதல்ல ஒரு திருத்தம். அது பெரும்பாலும் உருது இல்லை, பாரசீகம். முகலாயர் காலத்துல அரசாங்க மொழி அதுதான். தேதி ஹிஜ்ரி ஆண்டு. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன கி.பி. 622-ல் இருந்து எண்ணுற கணக்கு. சந்திர ஆண்டுங்கிறதால வருஷத்துக்கு 354 நாள்தான், சில வருஷம் 355. அதனால சும்மா 622-ஐக் கூட்டினா தப்பா வரும். ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்க. 1330-ஐப் பெருக்கினா 1290, கூட்டினா 1912. சரியாச் சொன்னா 1911 டிசம்பர்ல தொடங்கி 1912 டிசம்பர் வரை ஓடின வருஷம். நம்ம வேலைக்கு இந்தத் துல்லியம் போதும்.

எண்களைப் படிக்கிறது பயப்படுற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒண்ணு ஒரு நேர்கோடு. ரெண்டு, தலையில ஒரு கொக்கி வச்ச கோடு. மூணுக்கு ஒரு பல் கூடுதல். அஞ்சு தலைகீழா நிக்கிற இதயம் மாதிரி. ஏழு ஆங்கில 'வி', எட்டு அதைக் கவுத்துப் போட்ட கூரை. ஒன்பது நம்ம ஒன்பதுதான். பூஜ்யம் வெறும் புள்ளி. எழுத்தை வலமிருந்து இடமாப் படிச்சாலும் எண்ணை நம்மள மாதிரி இடமிருந்து வலமாத்தான் படிக்கணும். (திப்புவோட காசு இதுக்கு விதிவிலக்கு, பின்னாடி வரேன்.)

செத்த ராஜா பேர்ல 75 வருஷம்

நம்ம பக்கம் பழைய பெட்டிகள்ல கிடைக்கிற ஹிஜ்ரி வெள்ளிக்காசுல முக்கியமானது ஆற்காடு ரூபாய். ஆற்காடு நவாப்பு அடிச்ச ரூபாய்ங்கிறதால அந்தப் பேர். அதே மாதிரி அடிச்சுக்க 1736-ல பிரெஞ்சுக்காரங்க அனுமதி வாங்கினாங்க, 1742-ல ஆங்கிலேயக் கம்பெனி வாங்கினது. புதுச்சேரியில அடிச்சதுல பிறைக்குறி இருக்கும், சென்னையில அடிச்சதுல தாமரைக்குறி இருக்கும். ரெண்டுலயுமே அச்சான பேர் ஆற்காடுதான்.

சென்னைக் காசுல ஒரு பக்கம் ஹிஜ்ரி 1172, இன்னொரு பக்கம் 6-ஆம் ஆட்சியாண்டு. டெல்லி பாதுஷா இரண்டாம் ஆலம்கீரோட ஆட்சியாண்டு அது. 1172-ங்கிறது கி.பி. 1758-59. அந்த ஆலம்கீரை 1759 நவம்பர்ல கொலை பண்ணிட்டாங்க. ஆனா கம்பெனி என்ன செஞ்சதுன்னா, அதே பேரு, அதே 1172, அதே 6-ஐ வச்சு 1835 வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தது. ஆள் செத்து எழுபத்தஞ்சு வருஷம்! அதனால கையில இருக்கிற 1172 காசு 1760-ல அடிச்சதா இருக்கலாம், 1830-ல அடிச்சதாவும் இருக்கலாம். தேதியை மட்டும் வச்சு சொல்ல முடியாது.

ஏன் அப்படி உறைய வச்சாங்கங்கிறதை வங்காளத்துக் கதை நல்லாக் காட்டும். அங்க சிக்கா ரூபாய்னு ஒண்ணு. அடிச்ச வருஷம் முழு மதிப்பு. அடுத்த வருஷம் அதை ஷராபுகிட்ட கொண்டு போனா நூத்துக்கு 3 பிடிப்பான், மூணாவது வருஷத்துல இருந்து 5. தேய்ஞ்சிருக்கா இல்லையான்னு பார்க்கிறதே இல்லை, தேதியைப் பார்த்தே பிடிச்சுக்குவான். தமிழ்ல இதுக்கு வட்டம்னு பேரு, ஆங்கிலேயன் பட்டான்னு எழுதினான். நாங்க மிஷினுக்குப் போடுற தேய்மானம் மாதிரின்னு வச்சுக்கங்க, ஒரே வித்தியாசம், இங்க நஷ்டம் வரி கட்டுற விவசாயிக்கு. இதை ஒழிக்கத்தான் கம்பெனி அங்க ஷா ஆலமோட 19-ஆம் ஆட்சியாண்டையே எல்லாக் காசுலயும் நிரந்தரமாப் போட ஆரம்பிச்சது. எல்லாக் காசும் ஒரே தேதின்னா எதுக்கு வட்டம் பிடிப்பே?

உலகம் முழுக்க இது நடந்திருக்கு. ஆஸ்திரியாவோட மரியா தெரசா வெள்ளி டாலர்ல எப்பவும் 1780-தான். அரபு நாட்டு வியாபாரிங்க அந்த உருவத்தைத்தான் நம்பினாங்க, அதனால இருபதாம் நூற்றாண்டுலயும் அதே தேதியோட அடிச்சாங்க.

அப்படின்னா 1172 காசோட வயசை எப்படிப் பார்க்கிறது? ஓரத்தைப் பாருங்க. 1807-க்குப் பிறகு சென்னையில இயந்திரத்துல அடிக்க ஆரம்பிச்சாங்க. தட்டையா, வட்டமா, ஓரத்துல வரிப்பள்ளம் வெட்டி இருந்தா அது இயந்திரக் காசு. தடியா, கோணல் மாணலா, பாதி எழுத்து காசுக்கு வெளியவே போயிருந்தா அது சுத்தியல் காசு. எடையும் ஒரு துப்பு. 1818 ஜனவரியில சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறினப்போ, ரூபாய் எடையை 180 கிரெயின்னு வச்சாங்க. அதாவது 11.66 கிராம், சரியா ஒரு தோலா. அதுல பன்னிரண்டுல பதினொரு பங்கு வெள்ளி. கணக்குப் போட்டா 91.66 சதவீதம். ஆமாங்க, நம்ம நகைக்கடை 916-தான். அதுக்கு முந்தின ஆற்காடு ரூபாய் கொஞ்சம் எடை கம்மி, சுமார் 11.4 கிராம், ஆனா டச் கொஞ்சம் அதிகம். ரெண்டுலயும் தூய வெள்ளி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

மத்த காசுகள்ல தேதி என்ன சொல்லுது

திப்பு சுல்தான் காசு நம்ம ஊருக்கு நெருங்கின விஷயம். 1792 மார்ச்ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை ஆகி சேலமும் பாராமகாலும் கம்பெனிக்குப் போற வரைக்கும் இந்தச் சீமை மைசூர் ஆட்சியிலதான் இருந்தது. திப்பு முதல் சில வருஷம் ஹிஜ்ரி தேதிதான் போட்டார். 1787-ல இருந்து மவ்லூதின்னு தானே ஒரு ஆண்டுக் கணக்கு கொண்டு வந்தார், நபிகளோட பிறப்புல இருந்து எண்ணுறது. 1200 பக்கத்துல இருந்த தேதி ஒரேயடியா 1215-க்குத் தாவும். அதோட எண்களையும் வலமிருந்து இடமா எழுத வச்சார். 1215-ன்னு படிக்க வேண்டியதை 5121-ன்னு படிச்சுட்டு முழிக்கிறவங்க நிறைய. இது சூரியனையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற ஆண்டு, அதனால 0.97 வேண்டாம், 572-ஐக் கூட்டினா போதும். 1227-ன்னா 1799, அவர் இறந்த வருஷம். ரூபாய்க்கு இமாமி, இரட்டை ரூபாய்க்கு ஹைதரின்னு பேர் வச்சிருந்தார். சேகரிக்கிறவங்க போட்டி போட்டு வாங்குற காசு இது. அதனாலயே போலியும் இதுலதான் அதிகம். ஹைதரி ஒண்ணு சல்லிசா கிடைக்குதுன்னா நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

ஹைதராபாத் நிஜாம் காசுல தேதி உண்மையான தேதி. சார்மினார் படம் போட்ட ரூபாய், 11.18 கிராம், வெள்ளி 81.8 சதவீதம். அதாவது 9.14 கிராம் தூய வெள்ளி. வாசல் நடுவுல ஒரு எழுத்து இருக்கும், மீம்னா மகபூப் அலி கான், ஐன்னா உஸ்மான் அலி கான். இதுல தேதி நேரா பணத்தைத் தொடுது. ரெண்டாம் உலகப்போர்ல வெள்ளித் தட்டுப்பாடு வந்து, பிரிட்டிஷ் இந்தியா 1940-ல ரூபாயோட வெள்ளியைப் பாதியாக் குறைச்சது. நிஜாமும் அதே வழியில போனார். ஹிஜ்ரி 1360-களோட தேதி போட்ட சார்மினார் ரூபாய்ல வெள்ளி 50 சதவீதம்தான். அதே படம், அதே எடை. 1330-ன்னு இருந்தா 9.14 கிராம், 1364-ன்னு இருந்தா 5.59 கிராம். எண் படிக்கத் தெரியாதவர் ரெண்டுக்கும் ஒரே விலை கொடுப்பார்.

வளைகுடாவுக்குப் போய் வந்தவங்க வீட்டுல சவுதி ரியால் இருக்கலாம். 1354 தேதி போட்டது, கி.பி. 1935, எடையும் டச்சும் நம்ம பழைய ரூபாய் மாதிரியே. துருக்கி காசு இருந்தா ஜாக்கிரதை, அதுல இருக்கிற பெரிய எண் சுல்தான் பட்டத்துக்கு வந்த வருஷம். மேல இருக்கிற சின்ன எண் எத்தனையாவது ஆட்சியாண்டுங்கிறது. 1293-ம் 33-ம் இருந்தா அடிச்சது 1876 இல்லை, 1907 வாக்குல.

சரி, எவ்வளவு போகும்?

போன வருஷம் புதுச்சத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா ஆபீசுக்கு வந்தாங்க. கோழிப்பண்ணை வச்சிருக்கிற குடும்பம். மாமியார் விட்டுட்டுப் போன தகர டப்பாவுல 31 வெள்ளிக்காசு, மூணு பேருக்குப் பங்கு பிரிக்கணும். செவ்வாய்ப்பேட்டையில ஒருத்தர் எல்லாத்தையும் எடை போட்டு எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். பேரன் யூடியூப்ல பார்த்துட்டு ஒவ்வொண்ணும் ஒரு லட்சம்னு சண்டை போடுறான். டப்பாவைப் பிரிச்சுப் பார்த்தா 19 விக்டோரியா, ஜார்ஜ் ரூபாய், 9 இயந்திர ஆற்காடு ரூபாய், 2 சார்மினார், 1 சுத்தியல் காசு.

இதுக்கு நான் போட்ட கணக்கு ரொம்பச் சாதாரணம். முதல் அடுக்கு, உருக்கினா என்ன வரும். 11.66 கிராம், அதுல 10.69 கிராம் தூய வெள்ளி. வெள்ளி கிராம் 100 ரூபாய்னு கணக்குக்கு வச்சா (இன்னிக்கு ரேட்டை நீங்க போட்டுக்கங்க) ஒரு காசுக்கு 1,069 ரூபாய். தேய்மானமும் உருக்குற கழிவும் போக கைக்கு அதுக்குக் கீழதான் வரும். இது எந்தக் காசுக்கும் உள்ள தரை. ரெண்டாவது அடுக்கு, சேகரிப்பாளர் அதுக்கு மேல தர்றது. இது தேதியோட பழமைக்காகத் தர்றதில்லை. எத்தனை காசு மிச்சமிருக்கு, இந்தக் காசு எவ்வளவு தெளிவா இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, இந்த மூணுக்காகத்தான். இயந்திர ஆற்காடு ரூபாய் நிறைய அடிச்ச காசு, சுமாரான நிலையில இருந்தா வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம்தான் கிடைக்கும். மூணாவது அடுக்கு வியாபாரியோட லாபம். நீங்க வாங்கும்போது அவர் சொல்ற விலைக்கும், நீங்க விக்கும்போது அதே ஆள் தர்ற விலைக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கும். மியூச்சுவல் ஃபண்ட்ல ஒரு சதவீத வெளியேற்றக் கட்டணத்துக்கு என்கிட்ட சண்டை போடுறவங்க, இந்த இடைவெளியைப் பத்திக் கேட்கிறதே இல்லை.

வெள்ளி விலை ஏறும்போது ஒரு விநோதம் நடக்கும். முதல் அடுக்கு வளர்ந்து ரெண்டாவதை முழுங்கிடும். நேத்து வரைக்கும் சேகரிப்பாளர் காசா இருந்தது இன்னிக்கு உருக்குற காசாயிடும். கொலுசுக்குப் பேர்போன சேலத்துல உருக்குற இடத்துக்குப் பஞ்சமில்லை. அதுல ஒரு சுத்தியல் காசோ திப்பு காசோ சேர்ந்து போயிட்டா திரும்ப வராது. அந்த அம்மாகிட்ட நான் சொன்னது, 31-ல அந்த ஒரு சுத்தியல் காசையும் ரெண்டு சார்மினாரையும் தனியா எடுத்து வச்சுட்டு, மீதியை எண்ணிக்கையா பிரிச்சுக்கங்க, எடைக்குப் போடுறதா இல்லையான்னு அவங்கவங்க முடிவு பண்ணட்டும்னு. சுத்தியல் காசை நாணயச் சங்கக் கண்காட்சியில ரெண்டு பேர்கிட்ட காட்டின பிறகுதான் விலை பேசணும். விலையை வலைத்தளத்துல "கேட்கிற விலை" பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஏலக் கம்பெனிகள் வித்து முடிச்ச விலைப் பட்டியல் வெளியிடுறாங்க, அதைப் பாருங்க.

ஒரு முக்கியமான விஷயம், தேய்க்காதீங்க! புளி, விபூதி, பாத்திரப் பவுடர் எதுவும் வேண்டாம். பளபளன்னு ஆக்கின காசுக்கு ரெண்டாவது அடுக்கு போயே போச்சு. மாலையில கோக்க வளையம் பத்த வச்ச காசுக்கும் அதே கதிதான்.

"பழைய காசை லட்சக்கணக்குல வாங்குறோம், முன்பணம் கட்டுங்க"ன்னு வர்ற போன் எல்லாம் மோசடி. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டிருக்கு. வாங்குறவன் நமக்குப் பணம் தரணும். நம்மகிட்ட கேட்டா அவன் வாங்குறவன் இல்லை.

வரியும் சட்டமும்

"வீட்டுப் பொருள்தானே, பூஜையில வச்சிருந்தோம், வரி எதுக்கு?" இந்தக் கேள்வியை ஒரு மகாராஜாவே உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போயிருக்கார். தோல்பூர் மகாராஜா ராணா ஹேமந்த் சிங். தங்கக் காசு, வெள்ளி ரூபாய், வெள்ளிக்கட்டி எல்லாம் வித்தார், இதெல்லாம் மகாலட்சுமி பூஜைக்கு வச்சிருந்த சொந்த உபயோகப் பொருள், மூலதன ஆதாய வரி கிடையாதுன்னு வாதாடினார். 1976-ல நீதிமன்றம் ஒத்துக்கலை. அன்றாடம் உடம்போடும் வாழ்க்கையோடும் ஒட்டின பொருள்தான் சொந்த உபயோகப் பொருள், பெட்டியில இருந்து பூஜைக்கு எடுக்கிற காசு அப்படி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதனால விக்கும்போது ஆதாயம் வந்தா வரிக் கணக்குல காட்டணும்.

24 மாசத்துக்கு மேல கையில இருந்தா நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விக்கிறதுக்கு 12.5 சதவீதம், பணவீக்கச் சலுகை கிடையாது. பரம்பரையா வந்ததுன்னா தாத்தா வச்சிருந்த காலமும் சேரும். அடக்க விலையா, 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். அன்னிக்கு வெள்ளி கிராம் 7 ரூபாய் சொச்சம். 25 காசை ஒரு லட்சத்துக்கு வித்து, 2001 மதிப்பு 2,000 ரூபாய்னா, ஆதாயம் 98,000. வரி 12,250, செஸ் 490, மொத்தம் 12,740. இங்க பலரும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. 2001 மதிப்புன்னா வெள்ளி மதிப்பு மட்டும் இல்லை. அந்தக் காசுக்கு அன்னிக்கே சேகரிப்பாளர் விலை இருந்திருந்தா, மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி அதைக் காட்டலாம். அபூர்வக் காசு இருந்தா அந்தச் செலவு வீண் போகாது. விக்கிறவங்க வேற வருமானம் இல்லாத பாட்டியா இருந்தா அடிப்படை விலக்கு வரம்புக்குள்ளயே அடங்கி வரி வராமலும் போகலாம். ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க, அபராதம் வாங்கின தொகை அளவுக்கே வரும். மாசாமாசம் கண்காட்சியில வாங்கி வித்துக்கிட்டே இருந்தா அது சேகரிப்பு இல்லை, வியாபாரம், கணக்கே வேற.

இன்னொரு சட்டம், 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம். நூறு வருஷம் ஆன நாணயம் தொல்பொருள். வச்சுக்கலாம், விக்கலாம். ஆனா நாட்டை விட்டு வெளிய கொண்டு போகக் கூடாது. சிங்கப்பூர்ல இருக்கிற பையனுக்குப் பரிசுன்னு பையில போட்டுக் கொடுத்தாலும் அதுதான். இங்கயும் அந்தப் பெருக்கல் கணக்கு வேலைக்கு ஆகும். கி.பி. 1926-ங்கிறது ஹிஜ்ரி 1344-45. அதுக்கு முந்தின தேதி போட்ட நிஜாம் ரூபாய் தொல்பொருள், 1364 போட்டது இன்னும் இல்லை. ஆற்காடு ரூபாய்ல தேதி உறைஞ்சு போயிருந்தாலும் 1835-க்கு மேல வராது, அதனால எல்லாமே தொல்பொருள்தான். தோட்டத்துல உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைச்சா அது பரம்பரைச் சொத்துக் கணக்குல வராது. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும்.

புதுசா சேகரிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு என்னோட விருப்பத்தைச் சொல்றேன். உஸ்மான் அலி கானோட சார்மினார் ரூபாயில இருந்து தொடங்குங்க. தேதி நேர்மையானது, எண்கள் தெளிவா இருக்கும், வருஷ வாரியா தேடலாம், போலி வாங்கினாலும் நஷ்டம் சின்னது. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு ஒண்ணும் காந்தம் ஒண்ணும் போதும். காந்தம் இழுத்தா வாங்காதீங்க, இழுக்கலைங்கிறதுக்காகவும் வாங்காதீங்க. ஜெர்மன் சில்வரையும் காந்தம் பொதுவா இழுக்காது. எடையும் சேர்ந்து பொருந்தணும். பில் கேளுங்க, பில்லுல காசு பேர், தேதி, எடை எழுதச் சொல்லுங்க. நாளைக்கு விக்கும்போது அடக்க விலைக்கு அதுதான் ஆதாரம்.

காசு, படிச்ச தேதி, கி.பி., எடை, டச், வாங்கின விலை, இன்னிக்கு வெள்ளி மதிப்புன்னு பத்தி பிரிச்ச எக்ஸெல் ஷீட் ஒண்ணு வீடியோவுக்குக் கீழ இருக்கு. ஹிஜ்ரி தேதியைப் போட்டா கி.பி. தானே வரும். மவ்லூதிக்கு வேற பத்தி வச்சிருக்கேன், திப்பு காசை அதுல போடுங்க. எண்ணைத் திருப்பி எழுத மறக்காதீங்க.